டிராக்டர் பின் டயர் மாற்றப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்க

பின் டயர் ஒரு ஜோடி மாற்றினால் முப்பதாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போகும். அப்படியிருந்தும் கடலூர், பண்ருட்டி, பாகூர் எங்கே போனாலும் டயர்க் கடையில் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்ணே?" என்பதுதான். கம்பெனி கடைசியாக வரட்டும். வண்டி எந்த மண்ணில் ஓடுது, எதை இழுக்குது, ஒரு வருஷத்தில் வயலில் எவ்வளவு, தார் ரோட்டில் எவ்வளவு? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல்முறை டயர் வாங்குபவர்களுக்காக, வரிசையாகச் சொல்கிறேன்.

1. மாற்றித்தான் ஆகணுமா?

வண்டியைக் கழுவி, சமதரையில் நிறுத்தி, பட்டனை (டயரில் மேடாக நிற்கும் ரப்பர் கட்டைகளை) கையால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் உயரமாகவும் நடுவில் மொழுக்கென்றும் இருந்தால், அது காற்றை அதிகமாக வைத்து ரோட்டில் ஓட்டிய வண்டி. புது டயர் போட்டாலும் பழக்கம் மாறாவிட்டால் அதுவும் அப்படியே தேயும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் வயல் வேலைக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். வெட்டுக்குள்ளே நூல் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பட்டன் மட்டும் போய், உடம்பு நன்றாக இருந்தால் ரீபட்டன் (பழைய டயரிலேயே புதுப் பட்டன் ஒட்டுவது) போடலாமா என்று கேட்பார்கள். சொந்த நிலத்தில் மட்டும் உழும் வண்டிக்குப் போடலாம். லோடு டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு நான் போடச் சொல்ல மாட்டேன்.

2. பக்கச்சுவரில் என்ன எழுதியிருக்கு?

ஈரச் சாக்கால் சேற்றைத் துடைத்தால் 13.6-28 என்பதுபோல ஓர் எண் தெரியும். 13.6 என்பது டயரின் அகலம், 28 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். நடுவே கோடு இருந்தால் சாதாரண நைலான் டயர். 340/85 ஆர் 28 என்று இருந்தால் ரேடியல். பக்கத்தில் 12 பி.ஆர். என்று இருக்கும். உள்ளே பன்னிரண்டு அடுக்கு இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான அளவு. இந்த இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மண்ணுக்கு ஏற்ற பட்டன்

இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பட்டன் வகைக்கு ஆர்-1, ஆர்-2 என்று குறியீடு உண்டு. ஆர்-1 எல்லா வேலைக்குமான பொது டயர். ஆர்-2 நெல், கரும்புச் சேற்றுக்கென்றே செய்தது. பட்டன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம். பாகூர், காட்டுமன்னார்கோவில் பக்கம் களிமண்ணில் சேறு அடிப்பவர்கள், "நமக்கு ஆழப் பட்டன்தானே சரி" என்று நினைப்பது இயல்பு. ஆனால் சேறு அடிக்க நாம் எப்படியும் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டத்தான் போகிறோம். பிடிமானம் கொடுப்பது அந்த இரும்புதான். அதே வண்டி வாடகைக்கு ஊர் ஊராகத் தார் ரோட்டில் ஓடும்போது, உயரமான பட்டன் ஆட்டம் கொடுக்கும், சூடேறும், சீக்கிரம் தேயும். கேஜ் வீல் வைத்திருப்பவருக்கு ஆர்-1 போதும் என்பது என் கருத்து. கேஜ் வீல் இல்லாமல் வருஷம் முழுக்க ஈர நிலத்திலேயே கிடக்கும் வண்டி என்றால் மட்டும் ஆர்-2 பற்றி யோசியுங்கள்.

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டியா? ஆர்-1 டயர்களிலேயே பட்டன் நீளமாக, நடுவில் ஒன்றையொன்று தாண்டி வரும்படி நெருக்கமாக இருப்பதைப் பாருங்கள். ரோட்டில் தடதடப்பு குறையும், தேய்மானமும் சீராக இருக்கும். பண்ருட்டி, விருத்தாசலம் செம்மண்ணில் முந்திரித் தோப்புக்குள் ஒன்பது கொத்துக் கலப்பை ஓட்டுபவர்கள் பட்டனைவிடப் பக்கச்சுவரைக் கவனிக்க வேண்டும். சரளையும் வேர்க்கட்டையும் அங்கேதான் கிழிக்கும்.

4. அளவை மாற்றாதீர்கள்

"13.6-க்குப் பதில் 14.9 போட்டுக்கோங்க, கெத்தா இருக்கும்" என்று கடைக்காரர் சொல்லலாம். ரிம் அகலம் ஒத்துவர வேண்டும், மட்கார்டில் உரசக் கூடாது, வண்டியின் கையேட்டில் அந்த அளவும் இருக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் பார்க்கலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இந்தப் பேச்சே வேண்டாம்: முன், பின் சக்கர அளவுகள் கியர் விகிதத்தோடு கணக்குப் போட்டு வைத்தவை. பின்னால் மட்டும் பெரிதாக்கினால் முன் ஆக்சிலும் கியரும் ஒன்றையொன்று இழுத்துச் சீக்கிரம் போய்விடும். எந்த வண்டியானாலும் பின் டயரை ஜோடியாகவே மாற்றுங்கள்.

5. கடையில்

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. இரண்டு வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்தது என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்; வாசலில் வெயில் காய்ந்த டயரும் வேண்டாம்.

இப்போது கம்பெனிக்கு வரலாம். நெட்டப்பாக்கம் பக்கம் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையே இருப்பதால் நம்ம ஊரில் அந்தப் பெயர்மேல் தனிப் பாசம் உண்டு, தப்பில்லை. அப்போலோ, சியட், பி.கே.டி., ஜே.கே. எல்லாமே ஓடுகின்றன. ஏதாவது ஆனால் கிளெய்ம் பார்த்துத் தரும் டீலர் பக்கத்தில் யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18 போட்டிருந்தால் கேளுங்கள்.

6. மாட்டும்போது

பழைய டியூபைத் திரும்பப் போட வேண்டாம். அது நீண்டிருக்கும், புது டயருக்குள் மடிந்து அங்கேயே ஓட்டையாகும். ரிம்மில் துரு இருந்தால் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடியுங்கள். டயர் ஏறுவதற்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். கிரீஸ், டீசல் தடவினால் ரப்பரை அரித்துவிடும்.

பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி வண்டி முன்னால் போகும் திசையைக் காட்ட வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் கூரை முகடு மாதிரி, கூர்முனை மேலே பார்த்து இருக்கும்.

காற்று ஏற்றி டயர் ரிம்மில் உட்காரும்போது காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டவே கூடாது. உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றுங்கள். அந்த நேரத்தில் டயருக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம், குனிந்து பார்க்கவும் வேண்டாம். பிறகு வேலைக்கான அளவுக்கு இறக்குங்கள். வயலுக்குப் பெரும்பாலும் 12 முதல் 14, டிரெய்லருக்கு அதைவிடக் கூடுதல். உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே கணக்கு.

தண்ணீர் நிரப்புவது காய்ந்த நிலத்தில் கலப்பை இழுக்க உதவும். வால்வை மேலே வைத்து, அதன் மட்டம் வரும்வரை நிரப்பினால் முக்கால் பங்கு ஆகும். மீதி இடம் காற்றுக்கு. சேற்று வேலைக்கு முன் அதை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி புதைந்துகொள்ளும்.

முதல் நாள் வேலை முடிந்ததும் வீல் நட்டுகளை எல்லாம் ஒரு சுற்று மறுபடி இறுக்குங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.