14ஆம் பாரத்தில் கோட்டை விடாதீர்கள்: வாக்கு முகவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்குப் பெட்டி மாறிவிட்டது, கணக்கு இடிக்கிறது என்று மலேசியாவில் தேர்தல் இரவில் வாட்ஸ்அப்பில் பேச்சு கிளம்பினால், அதற்குப் பதில் சொல்லும் காகிதம் 14ஆம் பாரம். ஒவ்வொரு சாலுரானிலும், அதாவது ஒவ்வொரு வாக்களிப்பு அறையிலும், எண்ணி முடித்ததும் அங்கேயே நிரப்பப்படும் அறிக்கை அது.

வேட்பாளர் சார்பில் அறையில் இருந்து கண்காணிக்கும் வாக்கு முகவர், வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்புவதுதான் பெரிய தவறு. நிராகரிக்கப்பட்ட வாக்குச்சீட்டுகளுக்கும், வாக்காளரிடம் கொடுத்தும் பெட்டிக்குள் விழாத சீட்டுகளுக்கும் பாரத்தில் தனி இடம் உண்டு. 612 பேருக்குச் சீட்டு கொடுத்திருந்தால், வேட்பாளர்களுக்கு 598, செல்லாதவை 9, பெட்டிக்கு வராதவை 5 என்று கூட்டுத்தொகை சரியாக நிற்க வேண்டும். ஒன்று இடித்தாலும் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் அது வெறும் புகாராகவே நிற்கும்.

இந்தக் கணக்கு காலையிலேயே தொடங்குகிறது. வாக்களிப்புக்கு முன் பெட்டி காலியாக இருப்பதைக் கண்ணால் பாருங்கள். முத்திரை எண்ணையும், சீட்டுக்கட்டின் முதல், கடைசி வரிசை எண்களையும் எழுதிவையுங்கள். மதியம் முகவர் மாறும்போது அந்தக் குறிப்பும் கைமாற வேண்டும். பல இடங்களில் இங்கேதான் சங்கிலி அறுகிறது.

பாரத்தில் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, உங்களுக்குரிய பிரதியை வாங்காமல் வெளியேறாதீர்கள். 2018 பொதுத் தேர்தல் இரவில் சில இடங்களில் அதிகாரிகள் கையெழுத்திட மறுத்ததாகப் புகார் எழுந்ததை நினைவில் வையுங்கள்.

சந்தேகத்துக்கு ஆதாரமே இல்லாத இடங்களும் உண்டு. ஒரே பள்ளியில் முதல் சாலுரானும் கடைசி சாலுரானும் எதிரெதிராக வாக்களித்தால் பலர் பதறுகிறார்கள். வாக்காளர்களை வயதுப்படி பிரிப்பதால் முதல் அறையில் முதியவர்களும் கடைசி அறையில் இளையவர்களும் இருப்பார்கள், வித்தியாசம் இயல்பே. ஒரு வாக்காளருக்கு ஒரே சீட்டுதான் கொடுத்தார்கள் என்ற பதற்றமும் அப்படித்தான். கோலாலம்பூரில் சட்டமன்றம் இல்லாததால் நாடாளுமன்றத்துக்கான ஒரே சீட்டுதான். பினாங்கிலும் 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் ஒரே சீட்டு. சட்டமன்றத் தேர்தல் 2023 ஆகஸ்ட் 12இல் தனியாக நடந்தது.

வாக்காளர் பட்டியலில் உங்கள் வீட்டு முகவரியில் முன்பின் தெரியாத பெயர் இருந்தால், உடனே ஆவி வாக்காளர், அதாவது போலி வாக்காளர் என்று பரப்ப வேண்டாம். வாக்காளர் தானியங்கிப் பதிவு 2021 டிசம்பரில் வந்த பிறகு, தானாகப் பதிவானவர்களின் தொகுதியை ஐ.சி. (அடையாள அட்டை) முகவரிதான் தீர்மானிக்கிறது. வீடு மாறியும் ஐ.சி.யை மாற்றாத பழைய குடியிருப்பாளராக இருக்கலாம். முதலில் விசாரியுங்கள், விடை கிடைக்காவிட்டால் தேர்தல் ஆணையத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

முடிவு அரசிதழில் வந்த நாளிலிருந்து, அதை எதிர்த்து நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்ய 21 நாள்தான். அதுவரையாவது எல்லாப் பிரதிகளையும் காலைக் குறிப்புகளையும் சாலுரான் வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள்.