வீட்டில் வைத்தியசாலை: தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளரை வீட்டிலேயே வைத்து வைத்தியசாலைத் தரத்தில் பராமரிக்கும் திட்டங்களோடு யாழ்ப்பாணத்து இளம் வைத்தியர்கள் அண்மைக்காலமாக என்னிடம் வருகிறார்கள். அவர்களின் ஆர்வம் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் 2021இல் கொவிட் நோயாளரை வீடுகளில் வைத்துப் பார்த்தபோது நாங்கள் பட்ட பாட்டை இவர்களும் படப்போவது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே தெரிகிறது. கருவிக்குச் சார்ஜ் ஏற்றுங்கள், மருந்துப் பட்டியலைச் சரிபாருங்கள் என்பவற்றை எவரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளவீடு வந்தது, ஆள் போகவில்லை

எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். ஒரு வட்ஸ்அப் குழுவைத் தொடங்குவார்கள். வைத்தியர் இருவர், ஒரு தாதி, நோயாளரின் பேரன், கனடாவிலுள்ள மகள். காலையும் மாலையும் ஒட்சிசன் அளவும் குருதியமுக்கமும் அதில் வந்து விழும். கண்காணிப்பு நடக்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி.

புங்குடுதீவில் நியூமோனியா கண்ட ஒரு மூதாட்டியை இப்படித்தான் வைத்திருந்தார்கள். இரவு பதினொரு மணியளவில் ஒட்சிசன் அளவு 89 என்று பேரன் அனுப்பினான். வைத்தியர்கள் இருவரும் பார்த்தார்கள். மற்றவர் பேசியிருப்பார் என்று இருவருமே நினைத்தார்கள். வைத்தியர்கள் பார்த்துவிட்டார்களே என்று தாதி உறங்கப் போனார். கனடாவிலிருந்து கும்பிடும் கைகள் வந்தன. விடியற்காலையில் மூதாட்டிக்கு நினைவு தடுமாறிய பிறகுதான் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்தார்கள். உயிர் தப்பினார். ஆனால் இரவே கொண்டுவந்திருந்தால் விடுதியில் ஒட்சிசனோடு முடிந்திருக்கக்கூடிய காரியம், தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனது. அத்தனை பேரில் தன் வேலையைச் சரியாகச் செய்தவன் அந்தப் பேரன் மட்டுமே.

நோயாளரின் அளவீடுகளுக்குப் புள்ளியிட்டு ஆபத்தைக் கணிக்கும், 2017இல் திருத்தப்பட்ட பிரித்தானிய 'நியூஸ் 2' முறையில், ஒட்சிசன் அளவு 91 அல்லது அதற்குக் கீழே போனால் அதற்கு மட்டுமே 3 புள்ளி. ஏதாவது ஓர் அளவீட்டுக்கு 3 புள்ளி விழுந்தாலே வைத்தியர் அவசரமாகப் பார்க்க வேண்டும். இது அந்த வைத்தியர்கள் இருவருக்கும் தெரியும். எழுந்து போக வேண்டியவர் யார் என்பதுதான் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிக்கெயார் 2020 நவம்பரில் வீட்டு வைத்தியசாலைகளுக்கு அனுமதி கொடுத்தபோது, நாளுக்கு இரு தடவையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும், நிலைமை மோசமானால் 30 நிமிடத்துக்குள் உதவி வீட்டை அடைய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. என்னிடம் வரும் திட்டங்களில் கருவிகளின் விலை சதக் கணக்கில் இருக்கிறது. அந்த 30 நிமிடம் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆகவே ஒவ்வோர் இரவுக்கும் ஒரே ஒரு பெயரை எழுதுங்கள். அளவு குறைந்தால் குழுவில் போட்டுவிட்டு இருக்காமல் அவரைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். "பார்த்துவிட்டேன், இதைச் செய்கிறேன்" என்ற பதில் கிடைக்கும் வரை விடக்கூடாது. குறித்த நேரத்தில் அளவீடு வராவிட்டால் அதையும் ஆபத்தாகவே எடுங்கள். கனடா மகளுக்கும் வேலை கொடுங்கள். இங்கே இரவு பதினொரு மணி என்றால் ரொறன்ரோவில் மதியவேளை. விழித்திருக்கும் அவர் அயல்வீட்டாரை எழுப்பலாம், வாகனம் ஒழுங்கு செய்யலாம்.

விரலில் மாட்டும் கருவியை மட்டும் நம்புதல்

கை குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும், ஒட்சிசன் அளவு பார்க்கும் இந்தக் கருவி பிழை காட்டக்கூடும். கறுத்த தோலில் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. நம் ஊரில் இதை மறந்துவிட முடியாது. சுவாச வீதத்தை எண்ண ஒரு கைக்கடிகாரம் போதும். நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அதற்கும் 3 புள்ளி. ஆனாலும் வீடுகளிலிருந்து வரும் குறிப்புகளில் அதுதான் எப்போதும் வெறுமையாக இருக்கிறது. ஒரு முழு நிமிடம் எப்படி எண்ணுவது என்பதை, நோயாளரைச் சேர்க்கும் நாளிலேயே பேரனுக்குப் பழக்குங்கள்.

மின்சாரம்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஒட்சிசன் செறிவாக்கி மின்சாரம் இல்லாமல் ஓடாது. சிலிண்டர் வீட்டுக்கு வந்து, அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கும் வரை ஒட்சிசன் தேவைப்படும் நோயாளரை அனுப்பாதீர்கள்.

நெடுந்தீவு

இந்தத் தீவிலுள்ள நோயாளரைச் சேர்க்கும் முன் கடல் நிலவரத்தையும் படகு நேரத்தையும் கேளுங்கள்.

பெரிய வீட்டில் தனியாக ஒரு முதியவர்

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், இரவில் துணைக்கு ஆளில்லை என்றால் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

முடிவுத் திகதி இல்லாமை

விடுதியில் படுக்கை தேவைப்படும். அதனால் நோயாளரை வீட்டுக்கு விடும் நாள் தானாக வரும். வீட்டில் அந்த நெருக்கடி இல்லை. அளவீடுகள் மெல்லமெல்ல நின்றுபோகும், நோயாளர் யாருடைய பொறுப்பில் இருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. எந்த நாளில் முடிப்பது, அதன்பின் எந்தக் கிளினிக், எந்த வைத்தியர் என்பவற்றைச் சேர்க்கும் படிவத்திலேயே எழுதி, ஒரு பிரதியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.