கெப் வண்டியின் பின்பெட்டியில் கட்டு வளையங்களைப் பொருத்துதல்

டபள் கெப் வண்டியின் பின்பெட்டி நெல் மூடைகளால் நிரம்பியிருக்கும்போது, வெளிப்பக்க விளிம்பின் கீழே உற்பத்தியாளர் பொருத்தி அனுப்பிய கயிற்றுக் கொழுக்கிகளே போதும். மூடைகளின் மேலால் கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டினால் சுமை அசையாது. அதே பெட்டியில் ஒரேயொரு நீரிறைக்கும் இயந்திரத்தையோ, படகின் வெளியிணைப்பு எஞ்சினையோ, மோட்டார் சைக்கிளையோ ஏற்றும்போதுதான் பெட்டியின் உட்புறத்தில் பிடித்துக் கட்டுவதற்கு எதுவும் இல்லாத குறை தெரியவரும். உள்ளே நான்கு வளையங்களைப் பொருத்திக்கொள்வது கைக்கருவிகளைப் பழகிய ஒருவருக்கு ஒரு நாள் வேலை. ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதி வண்டிக்கு அடியில், மல்லாந்து படுத்தபடி செய்ய வேண்டியது.

இதை நான் முதன்முறை செய்தபோது பிழையாகச் செய்தேன். தலையில் வளையமுள்ள 10 மில்லிமீற்றர் கண் போல்ட்டுகளை வாங்கி, தகட்டில் துளையிட்டு, கீழே சாதாரண வொஷரும் நட்டும் போட்டு இறுக்கிவிட்டு, வேலை முடிந்ததென்று எண்ணினேன். மட்டக்களப்பில் 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் கிரவல் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது எருமைக் கூட்டமொன்று குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். பின்னால் கட்டியிருந்த நீரிறைக்கும் இயந்திரம் வளையத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்து கெபினின் முதுகில் மோதியது. இறங்கிப் பார்த்தபோது கண் போல்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. 20 மில்லிமீற்றர் அகலமுள்ள வொஷர் சிறு கிண்ணம் போலக் குழிந்து தகட்டை ஊடறுத்து வெளியே வந்திருந்தது. துளையின் விளிம்பு வாடிய வெற்றிலையைப் போல மேல்நோக்கி மடிந்திருந்தது. வளையத்தைத் தெரிவு செய்வதில் நான் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது அதற்குக் கீழே வைக்கும் தகட்டில் செலவிட்டிருக்க வேண்டும்.

கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சுமைகளைக் கட்டுவதற்கான ஐரோப்பிய நியமம், வண்டி திடீரென நிற்கும்போது சுமை தன் எடையின் 0.8 மடங்கு விசையுடன் முன்னோக்கியும், வளைவுகளில் 0.5 மடங்கு விசையுடன் பக்கவாட்டிலும் தள்ளும் என்று எடுத்துக்கொள்கிறது. 120 கிலோ மோட்டார் சைக்கிள் முன்னோக்கி ஏறத்தாழ 96 கிலோ விசையுடன் தள்ளும் என்பது இதன் பொருள். ஜேர்மன் நியமப்படி காய்ச்சி அடித்துச் செய்யப்பட்ட 12 மில்லிமீற்றர் கண் போல்ட் நேராக இழுக்கும்போது 340 கிலோவையும், 45 பாகை சரிவில் இழுக்கும்போது 240 கிலோவையும் தாங்கும். ஆகவே சுமையின் விசையை வளையம் தாங்கிவிடும். நம்மில் பலர் மறந்துபோவது, பற்சக்கரப் பிடியால் இறுக்கும் ரச்சட் பெல்ட்டின் விசையை: 50 மில்லிமீற்றர் அகலமான பெல்ட்டைக் கைப்பலத்தால் முழுமையாக இறுக்கினால், வண்டி நகர்வதற்கு முன்பே வளையத்தின் மீது ஏறத்தாழ 300 கிலோ இழுவிசை வந்துவிடும். இத்தகைய வளையங்களுக்கு 25 மில்லிமீற்றர் பெல்ட்டே பொருத்தமானது. பெரிய பெல்ட் லொறிக்குரியது. கம்பியை வளைத்து மட்டும் செய்த, வாய் பற்றவைக்கப்படாத மலிவான கண் போல்ட்டுகள் இழுக்கும்போது விரிந்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

என் தெரிவு, U எழுத்தைப் போல வளைந்து இரு முனையிலும் புரியுள்ள யூ போல்ட். இரண்டு கால்கள் இருப்பதால் அது திரும்பாது, இழுவிசையும் இரண்டு துளைகளுக்குப் பகிர்ந்து போகும். ஃபைபர் படகுகளின் முனையில் கட்டப் பயன்படுவதால் மீன்பிடி உபகரணங்கள் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். படகுக்காகச் செய்யப்படும் 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கு கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். அதில் சேர்ந்துள்ள மொலிப்டினம் கடல் உப்பை எதிர்க்க உதவும். 304 ரகமோ கடற்கரையோரம் சில காலத்தில் பழுப்புப் புள்ளிகளைக் காட்டத் தொடங்கிவிடும். கல்லடியிலோ கல்முனையிலோ கடலை நோக்கி வண்டியை நிறுத்துபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கீழே வைப்பதற்கு 5 மில்லிமீற்றர் தடிப்பும் 75 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட இரும்புப் பட்டியை, யூ போல்ட்டின் இரு கால்களும் தாராளமாக அடங்கும் நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியின் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் என்பதால், 24 மில்லிமீற்றர் வொஷர் பிடிக்கும் பரப்பைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான பரப்பில் இழுவிசையைப் பரப்புவது இந்தப் பட்டியே. அதன் மூலைகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை தகட்டை வெட்டும்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது முதலில் வண்டிக்கு அடியில் டோர்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எரிபொருள் தாங்கி, அதற்குப் போகும் குழாய்கள், பிரேக் குழாய்கள், கைப்பிரேக் கேபிள், பின் விளக்குகளுக்கான வயர் கட்டு, மேலதிக டயர் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதைச் சோக்கட்டியால் மேல்தகட்டில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நேர் மேலே எதையும் துளைக்காமல் இருக்க வேண்டும். பெட்டிக்குக் குறுக்கே ஓடும் தாங்கு சட்டங்களுக்கு அருகில் தகடு விறைப்பாக இருக்கும்; அந்த இடங்கள் சிறந்தவை. அடிச்சட்டத்தில் மட்டும் துளையிடக் கூடாது. அது முழு வண்டியையும் தாங்கும் உறுப்பு, அங்கே இடும் துளையிலிருந்து வெடிப்புத் தொடங்கலாம்.

பின்பெட்டியின் தளம் மேடும் பள்ளமுமாக நெளிந்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மேட்டில் துளையிட்டால் தண்ணீர் தேங்காது, ஆனால் கீழே வைக்கும் பட்டி இரு பக்கப் பள்ளங்களின் அடியில் மட்டுமே முட்டிக்கொண்டு நடுவில் இடைவெளி விடும். நட்டை இறுக்க இறுக்க மேடு அமிழ்ந்து போகும். பள்ளத்தில் துளையிட்டால் பட்டி தகட்டின் அடியில் ஒட்டிப் படியும், ஆனால் மாரி மழையில் தண்ணீர் அங்கேதான் நிற்கும். மேட்டுக்குள் குழாய்த் துண்டுகளை அளவாக வெட்டி முட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. நான் பள்ளத்தையே தெரிவு செய்வேன். தண்ணீரை அடைப்புப் பசையால் தடுக்கலாம், அமிழ்ந்த தகட்டை நிமிர்த்துவது கடினம். வளையம் பக்கச் சுவரிலிருந்து ஒரு கையகலத்துக்குள் இருந்தால் மூடைகளைக் கிழிக்காது, காலிலும் தட்டாது.

துளையிடும் இடத்தில் மறைப்பு நாடாவை ஒட்டி, சென்டர் பஞ்சால் புள்ளி அடித்து, முதலில் 3 மில்லிமீற்றர் பிட்டால் மெதுவாகத் துளைக்க வேண்டும். தகடு திறந்ததும் ட்ரில் சட்டென்று உள்ளே பாயும். அதைத் தடுக்க பிட்டின் நுனி சிறிதளவே வெளியே தெரியுமாறு ஒரு மரத்துண்டை அதில் கோத்துக்கொள்ளலாம். சிறு துளை சரியான இடத்தில் இறங்கியிருப்பதை அடியிலிருந்து பார்த்த பிறகே, 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 11 மில்லிமீற்றர் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். வெட்டி விழுந்த இரும்புத்தூளை ஒரு காந்தத்தால் முழுவதுமாக எடுத்துவிட வேண்டும்; ஒரு இரவு விட்டாலே அந்தத் தூள் பனி ஈரத்தில் கறள் பிடித்து, வண்ணப்பூச்சில் அழியாத புள்ளிகளைப் பதித்துவிடும்.

துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, நாகம் (துத்தநாகம்) கலந்த முதற்பூச்சை இரண்டு தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிட வேண்டும். கீழ்ப்பட்டியையும் எல்லாப் பக்கமும் பூசிக் காயவைக்க வேண்டும். இதை அவசரப்பட்டுச் செய்வதில் பயனில்லை. மழை தொடங்கும் நவம்பருக்கு முன், சிறுபோக அறுவடை முடிந்து வண்டிக்கு வேலை குறைந்திருக்கும் நாட்களில் செய்வது வசதி. பொருத்தும்போது பொலியூரிதேன் அடைப்புப் பசையை மேற்பக்கத்தில் போல்ட்டின் கால்களைச் சுற்றி மட்டும் இட வேண்டும். கீழ்ப்பட்டியின் ஓரத்தையும் சேர்த்து அடைத்துவிட்டால், எப்படியாவது உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிக் கறளாக்கும்.

நைலோன் வளையமுள்ள பூட்டு நட்டுகளையே பயன்படுத்த வேண்டும். துருப்பிடிக்காத உருக்கின் புரிகள் இறுக்கும்போது ஒன்றையொன்று கவ்விச் சிக்கிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், சிறிது கிறீஸ் தடவி, ஸ்பெனரை மெதுவாகத் திருப்ப வேண்டும். நட்டுகளுக்குப் பதிலாக வளையத்தைத் தளத்தில் பற்றவைத்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. மெல்லிய தகடு பற்றுக்கு அருகில் கிழியும், அடிப்பக்கப் பூச்சு எரியும், எரிபொருள் தாங்கி பக்கத்திலேயே இருக்கும். நான் அதற்கு உடன்பட மாட்டேன்.

எல்லாம் காய்ந்த பிறகு எதிரெதிர் வளையங்களுக்கிடையே 25 மில்லிமீற்றர் பெல்ட்டைப் போட்டு இறுக்கி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் இருந்து தகடு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சுமையை ஏற்றிக் கிரவல் பாதையில் ஓடித் திரும்பிய மறுநாள் மீண்டும் அடியில் படுத்து ஒவ்வொரு நட்டையும் சோதிக்க வேண்டும். என் வண்டியில் எட்டு நட்டுகளில் மூன்று, கால் சுற்று இறுக்கத்துக்கு இடம் கொடுத்தன.