ஆங்கிலத்துக்குப் போன ரஷ்ய ‘ஞெத்’: சொல்லும் முறையும் தமிழாக்கும் முறையும்

ஆங்கிலச் செய்திகளில் என், ஒய், இ, டி என்று நாலெழுத்துச் சொல் ஒன்று அடிக்கடி தட்டுப்படும். ரஷ்ய மொழியில் ‘இல்லை’ என்பதற்கான சொல் அது. அகராதியைப் பார்த்து ‘இல்லை’ என்றே போட்டால் பாதிப் பொருள் கைவிட்டுப் போகும். கொங்குப் பேச்சில் பழகிய காதுக்கு இதைச் சரியாகத் தமிழாக்குவது சுலபம். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் உச்சரிப்பு. ‘நியெட்’ என்று எழுதுவது ஆங்கிலத்தைக் கேட்டு எழுதுவது. ரஷ்ய எழுத்தில் இது மூன்றே எழுத்து. பெரிய எழுத்தில் அச்சிட்டால் ஆங்கில எச், இ, டி போலத் தெரியும். ‘ஹெட்’ என்று படித்துவிடாதீர்கள். எச் போலத் தெரிவதுதான் ‘ந’. அடுத்து நிற்கும் உயிரெழுத்து அதை ‘ஞ’ பக்கம் இழுத்துவிடும். நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்தில் ஒட்டி ‘ஞெ’ சொல்லுங்கள். ஞெகிழியில் வருகிற அதே ஞெ. கடைசி எழுத்து ‘ட்’ இல்லை, ‘த்’. ‘பத்து’ என்று சொல்லத் தொடங்கி, நாக்கு நுனி பல்லின் பின்புறத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். அங்கேயே முடிய வேண்டும். பஸ்ஸு, காரு என்று சொல்லும் பழக்கத்தில் ‘ஞெத்து’ ஆகிவிடுவதுதான் நமக்கு வரும் பிழை.

பிறந்த வீட்டில் இந்தச் சொல்லுக்குக் கடுமையே கிடையாது. ‘இங்கே இல்லை’ என்ற பழைய தொடர் ஒட்டித் தேய்ந்து உண்டானது. அதனால் ‘தண்ணீர் இல்லை’ என்பதையும் ரஷ்யர் இதை வைத்தே சொல்வார். தண்ணீர் என்ற சொல் அங்கே ஆறாம் வேற்றுமையில் நிற்கும். அவிநாசி மளிகைக் கடையில் ‘கருப்பட்டி இருக்குதுங்களா?’ என்றால் ‘இல்லீங்க’ என்று பதில் வருமே, அதுவும் ஞெத். ‘இன்னொரு தோசை?’ ‘வேண்டாமுங்க’: நன்றிச் சொல்லோடு சேர்த்தால் அதுவும் ஞெத்.

கடுமை ஏறியது ஐ.நா. பாதுகாப்பு சபையில். 5 நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று எதிர்த்தாலே அங்கே தீர்மானம் விழுந்துவிடும். சிரியா, லெபனானிலிருந்து அந்நியப் படைகள் விலகுவது பற்றிய தீர்மானத்தில் 1946 பிப்ரவரி 16 அன்று சோவியத் ஒன்றியம் முதல் வீட்டோவை, அதாவது தீர்மானத்தை வீழ்த்தும் அந்த எதிர்வாக்கை, போட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் வீட்டோக்களில் பெரும்பாலானவை அதனுடையவையே. 1946 முதல் 1948 வரை ஐ.நா. பிரதிநிதியாகவும், 1957 முதல் 1985 வரை வெளியுறவு அமைச்சராகவும் இருந்த ஆந்திரேய் கிரோமிகோவுக்கு மேலைப் பத்திரிகைகள் ‘மிஸ்டர் ஞெத்’ என்றே பட்டம் வைத்தன. சபையில் வாக்களிப்பது கையை உயர்த்தித்தான். ஆனாலும் தலைப்பில் அடங்கும் நாலெழுத்துச் சொல் நிலைத்துவிட்டது. ரஷ்ய ஞெத்தில் இருந்த இல்லை, அல்ல, வேண்டாம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அதிகாரத்தில் இருப்பவரின் மறுப்பை மட்டும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

ஆகவே மொழிபெயர்க்கும்போது மூன்றைப் பாருங்கள்: மறுப்பவர் கையில் அதிகாரம் இருக்கிறதா, காரணம் சொன்னாரா, திரும்பக் கேட்க இடம் வைத்தாரா. அதிகாரம் இருந்து மற்ற இரண்டும் இல்லை என்றால் அது முழு ஞெத்.

கொங்குக் காது உதவுவது இங்கேதான். ‘முடியாதுங்க’ என்றால் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம். அந்த ‘ங்க’வைக் கழற்றிவிட்டு மொட்டையாக ‘முடியாது’ என்றால் பேச்சு தீர்ந்தது. ஆங்கில ஞெத் செய்யும் வேலை அச்சாக இதுதான். வங்கியில் கடன் கேட்டவருக்கு ஞெத் என்று ஆங்கிலத்தில் இருந்தால், உரையாடலில் ‘முடியாதுன்னு ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டாங்க’ என்று வையுங்கள். செய்தி நடையில் ‘ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள்’ போதும். பெயர்ச்சொல்லாக வந்தால் ‘கறாரான மறுப்பு’. நண்பர்கள் அதிகாரி மாதிரி நடித்து விளையாட்டாகச் சொன்னால் ‘அதெல்லாம் நடக்காது’. ரஷ்ய அரசைப் பற்றிய செய்தி என்றால் ‘ஞெத்’தை அப்படியே மேற்கோள் குறிக்குள் விடலாம், அங்கே வாசகருக்கு அந்த வாசனை வேண்டும்.

ஆங்கிலச் செய்திகளில் கூடவே வரும் ‘ரெஃப்யூஸ்னிக்’ என்ற சொல் இன்னும் வழுக்கும். ‘அத்காஸ்’ என்றால் ரஷ்யத்தில் மறுப்பு. ‘அத்காஸ்னிக்’ என்பது சோவியத்திலிருந்து வெளியேற அனுமதி கிடைக்காத யூதர்களைக் குறித்தது. 1970களில் ஆங்கிலம் முன்பாதியை மட்டும் மொழிபெயர்த்து, ‘னிக்’ வாலை அப்படியே வைத்துக்கொண்டது. அந்த வால் இத்திஷ் என்ற யூதர்களின் மொழி வழியாக முன்பே வந்ததுதான்; 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏவப்பட்ட பிறகு எங்கும் பரவியது. பிறகு பொருளே தலைகீழானது: மறுக்கப்பட்டவரைக் குறித்த சொல் மறுப்பவரையும் குறிக்கத் தொடங்கியது. சோவியத் காலச் செய்தியில் ‘வெளியேற அனுமதி மறுக்கப்பட்டவர்’ என்று எழுதுங்கள். பணி செய்ய மறுக்கும் இஸ்ரேலியப் படைவீரர் பற்றியது என்றால் ‘பணியாற்ற மறுப்பவர்’. எந்த ஆண்டு, எந்த நாடு என்று பார்க்காமல் இந்தச் சொல்லில் கை வைக்கக் கூடாது.