எரிபந்தப் பூஞ்சையில் தாவும் மரபுக்கூறுகளைத் தேடுவது எப்படி?

சம்மாந்துறைப் பக்கம் எங்கள் வயல்காரர் எரிபந்தம் என்று சொல்வதுதான் நெல்லின் குலைநோய். கதிர்க்கழுத்து கறுத்து, மணி பதராவதைப் பார்த்தவருக்கு அதன் வலி தெரியும். எதிர்ப்புள்ள நெல் இனத்தையும் இந்தப் பூஞ்சை சில போகங்களில் மடக்கிவிடுகிறது. ஒரு காரணம், அதன் ஜீனோமுக்குள் (முழு டிஎன்ஏ தொடருக்குள்) இடம் விட்டு இடம் தாவும் மரபுக்கூறுகள். வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கும் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் என்சிபிஐ என்ற பொது மரபுத்தரவுத் தளத்தில் பூஞ்சையின் ஜீனோமை இறக்குங்கள். 70-15 என்ற வகையின் ஜீனோம் 2005இல் வெளியானது, சுமார் 4 கோடி டிஎன்ஏ எழுத்து (ஏ, சி, ஜி, டி). வேறு வகை எடுத்தால், டிஎன்ஏவை நீண்ட துண்டுகளாக வாசிக்கும் நானோபோர் அல்லது பாக்பயோ நீள்வாசிப்பில் கட்டியதா என்று பாருங்கள். குறுவாசிப்பில் ஒரே மாதிரியான பிரதிகள் ஒன்றாகச் சுருங்கி, நாம் தேடுவதே காணாமல் போய்விடும்.

அப்புறம், திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் குடும்பம் குடும்பமாகப் பட்டியலிடும் ரிப்பீட்மாடலர் மென்பொருளை ஓடவிடுங்கள், எல்டிஆர் (இரு முனையிலும் நீண்ட மீள்தொடர் உள்ள கூறு) தேடலையும் சேர்த்து. மாரியில் கரண்ட் போய்வரும் வீட்டில் மடிக்கணினியை நம்ப வேண்டாம். கேலக்ஸி என்ற இணையவழி ஆய்வுத் தளத்தில் இலவசமாக ஓட்டலாம்.

அது தரும் பட்டியலை அப்படியே ஆய்வறிக்கையில் ஒட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. மென்பொருள் ஒரு கூறின் நடுப்பகுதியைப் பிடிக்கும், ஓரத்தை அடிக்கடி தவறவிடும். தாவியதற்கான தடயம் இருப்பதோ ஓரத்தில். ஆகவே ஒரு குடும்பத்தை எடுத்து, ஒத்த தொடர்களைத் தேடும் பிளாஸ்ட்டில் அதன் பிரதிகளைத் தேடி, இருபக்கமும் 2000 எழுத்துக் கூட்டி வெட்டி, தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒப்பிடும் மாஃப்ட்டில் வரிசைப்படுத்துங்கள். எல்லாப் பிரதிகளும் ஒத்து வந்து ஓரிடத்தில் சட்டெனப் பிரியும். அதுதான் ஓரம். பழகுவதற்கு இந்தப் பூஞ்சையின் போட்2 என்ற தாவும் கூறு நல்லது. நீளம் 1857 எழுத்து; இரு முனையிலும் 43 எழுத்து ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும்; அதற்கு வெளியே இருபுறமும் டி, ஏ என்ற இரண்டு எழுத்து. மூன்றும் கண்ணில் பட்டால் முழுக்கூறு கிடைத்துவிட்டது. மேகி என்ற இன்னொரு கூறு வேறு இனம், ஆர்என்ஏ வழியாகப் படியெடுத்துத் தாவுவது. அதன் முனைகளில் மீள்தொடர் ஒரே திசையில் இருக்கும்.

சில பிரதிகளில் சி நிற்க வேண்டிய இடங்களில் டி நிற்கும். மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைப் பூஞ்சை தன் பாலினப் பெருக்கத்தின்போது இப்படிச் சிதைக்கிறது. 1980களில் நியூரோஸ்போரா என்ற பூஞ்சையில் எரிக் செல்கர் குழுவினர் கண்டது இது. எரிபந்தப் பூஞ்சையிலும் தடம் உண்டு. பிரதிகளை ஒப்பிட்டுக் குடும்பத்தின் பொதுத்தொடர் கட்டும்போது அந்தப் பிரதிகளை விலக்கிவிடுங்கள்.

சரி, இனி இடம். ஜீனோமைத் திரையில் காட்டும் ஐஜிவி மென்பொருளில் திறந்து, கூறின் பக்கத்தில் என்ன மரபணு என்று பாருங்கள். பை-டா எதிர்ப்பு மரபணு உள்ள நெல், பூஞ்சையின் ஏவிஆர்-பிட்டா மரபணு உருவாக்கும் புரதத்தை வைத்துத்தான் பகையை இனங்காணும். போட்3 என்ற தாவும் கூறு அந்த மரபணுவுக்குள் பாய்ந்த பூஞ்சைகள் அதே நெல்லைத் தாக்கின. இப்படியொரு இடம் அகப்பட்டால், நீள்வாசிப்பு ஒன்றாவது இரண்டு ஓரங்களையும் தாண்டிச் செல்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு கூறுக்கு வெளியே இருபுறமும் பிரைமர் (தொடக்கத் துண்டு) வைத்து, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் நீளம் பாருங்கள். வயலிலிருந்து வரும் இலைப்புள்ளியில் பிரித்தெடுத்த பூஞ்சைக்கும் அதே பிரைமர் போதும்.