நுரையீரல் இடைத்திசு நோய்: கையில் ஒரு நோட்டுடன் தொடங்குங்கள்

அப்பாவின் ஸ்கேன் அறிக்கையில் 'ஐ.எல்.டி.', அதாவது நுரையீரல் இடைத்திசு நோய், என்று படித்த அன்றிரவு நான் தூங்கவில்லை. விடிய விடியத் தேடிப் படித்ததில் பயம்தான் மிஞ்சியது. மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் கிடைக்கவில்லை. அன்று தேடியதை இன்று நானே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இந்த நோய் இருக்கும் வீட்டில் ஆறு ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன். மருந்து தொடர்பான முடிவு எதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

தேவைப்படுபவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்.

படி 1: எந்த ஐ.எல்.டி. என்று கேளுங்கள்

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மயிரிழையை விட மெல்லிய ரத்தத் தந்துகிகள் சுற்றிப் படர்ந்திருக்கும். அறைக்கும் தந்துகிக்கும் நடுவில் உள்ள திசுவே இடைத்திசு. ஆக்சிஜன் கடக்க வேண்டிய அந்தச் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாதது. அழற்சி வந்தால் அது வீங்குகிறது. தழும்பு விழுந்தால் தடித்து விறைத்துப்போகிறது. காற்று உள்ளே வந்தும் ஆக்சிஜன் ரத்தத்தை எட்டத் திணறுகிறது. ஆஸ்துமாவில் சுருங்குவது காற்றுக்குழாய். இங்கே சிக்கல் குழாயைத் தாண்டி இருப்பதால்தான் ஆஸ்துமா இன்ஹேலர் பலருக்குப் பலன் தருவதில்லை.

ஐ.எல்.டி. என்பது ஒரு தனி நோய் அல்ல, குடும்பப் பெயர். அதில் 200க்கும் மேற்பட்ட நோய்கள் அடங்கும். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இரண்டு: "இது எந்த வகை? அழற்சி மிகுந்ததா, தழும்பு மிகுந்ததா?"

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. காரணம் தெரியாமல் தழும்பு விழும் ஐ.பி.எஃப். என்ற வகைக்கு ஸ்டீராய்டு, அசத்தியோப்ரின், என்-அசிட்டைல்சிஸ்டைன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 2012இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களை விட அந்தக் கூட்டு மருந்தைப் பெற்றவர்களிடையே மரணங்கள் அதிகம் என்று தெரியவந்தது. அதே ஸ்டீராய்டு வேறு சில வகைகளில் இழந்த மூச்சை மீட்டுத் தருகிறது.

படி 2: நோட்டின் முதல் பக்கத்தில் வாழ்க்கையை எழுதுங்கள்

என் பார்வையில் இதுதான் மிக முக்கியமான படி. சோதனைக்கூடம் கண்டுபிடிக்காததை இந்தப் பக்கம் கண்டுபிடிக்கலாம்.

எங்களிடம் முதலில் கேட்ட கேள்வி, "வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா?" அப்பா இல்லை என்றார். அது உண்மைதான். ஆனால் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, ஏ.சி. பெட்டியின் பின்னால் பல ஆண்டுகளாகப் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றை யாரும் வளர்க்கவில்லை. எச்சத்தை மட்டும் அப்பா வாரம் தவறாமல் சுரண்டிக் கழுவிவந்தார். இரண்டு மாதம் கழித்து அம்மா பேச்சுவாக்கில் சொன்னபோது மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதன்பின் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: மிகை உணர்திறன் நுரையீரல் அழற்சி, அதாவது மூச்சில் போகும் பறவை எச்சத் தூசி போன்றவை ஒவ்வாமல் நுரையீரலில் வரும் அழற்சி. கூட்டை அகற்றியதுதான் சிகிச்சையின் முதல் பகுதி.

எனவே எது தேவை, எது தேவையில்லை என்று நீங்களே வடிகட்டாதீர்கள். இதுவரை பார்த்த எல்லா வேலைகளையும் எழுதுங்கள். கல் உடைத்தல், மணல் தூசி, ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவற்றின் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். பறவைகள், இறகுத் தலையணை, ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்த சுவர், புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது நுரையீரல் தழும்பு இருந்ததா என்பது, எல்லாம் வேண்டும். மூட்டுவலி, காலையில் விரல்கள் மடங்காமல் இருப்பது, குளிரில் விரல் வெளுப்பது, கண்ணும் வாயும் வறண்டுபோவது ஆகியவையும் வேண்டும். முடக்குவாதம், தோலை இறுகச் செய்யும் ஸ்க்ளீரோடெர்மா போன்ற நோய்கள் சிலரிடம் முதலில் நுரையீரலில்தான் தலைகாட்டும். அமியோடரோன், மெத்தோட்ரெக்ஸேட், நைட்ரோஃபுரான்டோயின் முதலிய மருந்துகளும் சிலருக்குக் காரணமாகலாம். பட்டியலில் உங்கள் மருந்து இருக்கிறதே என்று தானாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 3: சோதனை எண்களைத் தேதியோடு குறியுங்கள்

முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும்; பல நேரங்களில் முதல் தடயம் அதுவே. அடுத்து, நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன். மூச்சுத்திறன் சோதனையில் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஆழமாக இழுத்து முழுமையாக வெளியேற்றும் காற்றின் அளவு எஃப்.வி.சி.; வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பது டி.எல்.சி.ஓ. ஆறு நிமிட நடைச் சோதனையில் நடந்த தூரத்தோடு, ஆக்சிஜன் எதுவரை இறங்கியது என்பதையும் எழுதுங்கள்.

ஒரு நாளின் எண் பெரிதாக எதையும் சொல்லாது. எண்களின் போக்குதான் பேசும். ஓராண்டுக்குள் எஃப்.வி.சி. 10 சதவீதம் குறைந்தால் சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய அது வலுவான காரணம். நுரையீரலிலிருந்து சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி எல்லோருக்கும் தேவைப்படாது. நுரையீரல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், மூட்டுவாத மருத்துவர் ஆகியோர் கூடிப் பேசி முடிவெடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

படி 4: மருந்திடம் சரியானதை எதிர்பாருங்கள்

பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரு மருந்துகளுக்கும் 2014 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விழுந்த தழும்பை இவை கரைக்காது; ஐ.பி.எஃப். நோயில் மூச்சுத்திறன் குறையும் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கும். பின்னர் நின்டெடானிப், தழும்பு பெருகிக்கொண்டே போகும் வேறு சில வகைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. "சாப்பிட்டும் மூச்சு லேசாகவில்லையே" என்று அப்பா ஒரு முறை மாத்திரையை ஒதுக்கிவைத்தார். லேசாகாதுதான், இறக்கம் மெதுவாவது உடம்புக்குத் தெரியாது, எண்ணில்தான் தெரியும். இரண்டையும் உணவோடு சாப்பிட வேண்டும். முதலாவதில் குமட்டலும் வெயிலில் தோல் சிவப்பதும் வரலாம், இரண்டாவதில் வயிற்றுப்போக்கு. கல்லீரல் பரிசோதனை இரண்டுக்கும் உண்டு. ஸ்டீராய்டை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது.

படி 5: மூச்சைக் கணக்கிட்டுச் செலவிடுங்கள்

குளியல்தான் எங்கள் வீட்டில் பெரும் போராட்டமாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பது, துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது என இரண்டே மாற்றங்களில் பாதிச் சிரமம் போயிற்று. கையைத் தலைக்கு மேல் தூக்கும் வேலைகள் மூச்சை அதிகம் தின்னும். அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எழும்போதும் தூக்கும்போதும் மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். களைத்த பிறகு உட்காராதீர்கள், களைப்பதற்கு முன்பே உட்காருங்கள்.

இரைப்பு வந்துவிட்டால் முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். சிறிய கைவிசிறியின் காற்று முகத்தில் படுவதும் மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கும்.

இதற்காக அசையாமல் கிடப்பது தவறு. தசை இளைத்தால் அதே வேலைக்கு இன்னும் அதிக ஆக்சிஜன் தேவைப்படும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி எங்கு கிடைத்தாலும் சேருங்கள்.

படி 6: ஆக்சிஜனை நடக்கும்போது பாருங்கள்

உட்கார்ந்தபடி 96 காட்டும் மீட்டர், பத்தடி நடந்ததும் 84 காட்டலாம். இந்த நோயின் இயல்பு அது. நடந்து முடித்த உடனேயும் பார்த்து எழுதுங்கள். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் தவறான எண் தரும். கருத்த தோலில் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டவும் கூடும். 88க்குக் கீழே இறங்குவது வழக்கமானால் ஆக்சிஜன் தேவையா என்று மருத்துவரிடம் பேசுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது.

படி 7: ஆபத்துக் குறிகளும் கடைசிப் பக்கமும்

ஃப்ளூ, நிமோனியா, கோவிட் தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். சில நாள்களில் இரைப்பு கூடுவது, வழக்கமான ஆக்சிஜன் அளவு இறங்கிவிடுவது, காய்ச்சல், திடீர் நெஞ்சுவலி, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது: இவற்றில் எதுவும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடக்கூடியதல்ல.

நுரையீரல் மாற்று சிகிச்சை பற்றிய பேச்சை, அது பொருந்தக்கூடியவர்கள், உடல் தளர்வதற்கு முன்பே தொடங்க வேண்டும். வலிதணிப்பு மருத்துவமும் அப்படியே. கடைசி நாள்களுக்கு மட்டுமானது அல்ல அது, இருமலையும் பதற்றத்தையும் இன்றைக்கே குறைக்கும். நோயாளி எதை விரும்புகிறார், வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவர் தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள். கேட்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அப்பாவோ ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

எங்கள் நோட்டின் கடைசிப் பக்கம் அவருடைய கையெழுத்தில் இருக்கிறது: நோயின் சரியான பெயர், மருந்துகளும் அளவும், ஆக்சிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், யாரை அழைக்க வேண்டும், அவருக்கு என்ன வேண்டும். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறோம், ஆம்புலன்ஸில் ஏறும்போது தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.