துணை செல் சீக்கிரம் விழிக்க என்ன செய்வது? சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தை வைத்து ஒரு செய்முறை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டிச் செம்பனைக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் இருக்கும், ஆனால் எதைத் தட்டினாலும் ஒரு சிறு தயக்கம் தெரியும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று துணை செல் மெதுவாக விழிப்பது. செல் என்பது கோபுரம் ஓர் அலைவரிசையில் தரும் இணைப்பு; எப்போதும் பிடித்திருப்பது முதன்மை செல், வேகத்துக்காகக் கூடுதலாக எழுப்புவது துணை செல். வண்டியில் சுற்றிச் சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அதை மட்டும் இங்கே பார்ப்போம்.

மலேசியாவின் 5ஜியில் 700 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் என்28), 3.5 கிகாஹெர்ட்ஸ் (என்78) இரண்டும் பயன்படுகின்றன. தோட்டப்புறத்தில் தூரம் போகும் 700 முதன்மை செல்லாக நின்று இணைப்பைப் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேட்டா அதிகமாகும்போது அகலமான 3.5-ஐத் துணை செல்லாக எழுப்ப வேண்டும். 4ஜியைப் பிடித்துக்கொண்டு 5ஜி சேரும் இரட்டை இணைப்பு வேறு விஷயம், அந்த லாக்கை (பதிவை) இதோடு கலக்காதீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

டயக்னாஸ்டிக் லாக் தரும் கைப்பேசி ஒன்று, லேப்டாப், யூஎஸ்பி கேபிள் போதும். 5 எம்பி ஃபைல் ஒன்றை இறக்குங்கள், சில விநாடி சும்மா விடுங்கள், மறுபடி இறக்குங்கள். டவுனில், தோட்டச் சாலையில், லயத்து வீட்டுக்குள் என மூன்று இடத்திலும் இதைச் செய்யுங்கள். ஒரேயடியாகப் பெரிய ஃபைலை இறக்கினால் துணை செல் தூங்கவே தூங்காது, நீங்கள் தேடும் தாமதமும் கண்ணில் படாது.

லாக்கில் மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: டேட்டா வரத் தொடங்கியது, துணை செல்லை எழுப்பும் மேக் கட்டளை (நெட்வொர்க் கைப்பேசிக்கு அனுப்பும் குறுங்கட்டளை) வந்தது, அந்த செல்லுக்கு முதல் சரியான சிகியூஐ (கைப்பேசி சொல்லும் சிக்னல் தர எண்) போனது. சிகியூஐ 0 என்றால் செல் இன்னும் தயாராகவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதல் இடைவெளி நெட்வொர்க் முடிவெடுக்க ஆன நேரம். இரண்டாவது, கட்டளைக்குப் பிறகு செல் தயாராக ஆன நேரம். பல இடங்களில் இந்த இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும்.

இரண்டாவது இடைவெளிக்குள் என்ன நடக்கிறது

கட்டளை வந்ததும் கைப்பேசி ரேடியோவைத் திருப்பி, சிக்னலின் அளவுக்கு ஏற்ப ஏற்பியைச் சரிசெய்து, நேரத்தையும் அலைவரிசையையும் பொருத்தி, தரத்தை அளந்து அறிக்கை அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் அது எஸ்எஸ்பிக்காக, அதாவது செல் குறித்த இடைவெளியில் அனுப்பும் அடையாள சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. எஸ்எஸ்பி 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வந்தால் ஒன்றுக்கான காத்திருப்பு அதிகபட்சம் அவ்வளவுதான். 160 என்று வைத்திருந்தால் எட்டு மடங்கு.

அடுத்த கேள்வி, அந்த செல் கைப்பேசிக்குத் ‘தெரிந்த’ செல்லா என்பது. அண்மையில் அதை அளந்து அறிக்கை கொடுத்திருந்து, சிக்னல் இன்னும் பிடிபட்டால் தெரிந்த செல். 4ஜி தரநிலையில் தெரிந்த செல்லுக்கு 24 மில்லிசெகண்ட், தெரியாததற்கு 34 வரை அனுமதி. 5ஜியில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது, ஏனென்றால் தெரியாத செல்லுக்குக் கூடுதலாகப் பல எஸ்எஸ்பி தேவைப்படும்.

எதை மாற்றுவது

அளவீட்டுச் சுழற்சியை முதலில் பாருங்கள். தூங்கும் துணை செல்லைக் கைப்பேசி எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை அளக்கிறது என்பதுதான் அது. 160 மில்லிசெகண்டுக்குள் இருந்தால், தெரிந்த செல்லுக்கு முதல் எஸ்எஸ்பி வந்து 5 மில்லிசெகண்டில் வேலை முடியலாம். அதைத் தாண்டினால் ஏற்பியைச் சரிசெய்ய இன்னொரு எஸ்எஸ்பி வேண்டும். 640, 1280 என்று பேட்டரிக்காக ஏற்றிவைத்த கோபுரத் தளங்களில் இதைக் குறைத்தாலே நல்ல பலன் தெரியும்.

அடுத்தது எஸ்எம்டிசி, அதாவது எப்போது எஸ்எஸ்பியைத் தேட வேண்டும் என்று கைப்பேசிக்குச் சொல்லும் ஜன்னல். அதன் அகலம் 1 முதல் 5 மில்லிசெகண்ட்தான். ஆஃப்செட் (ஜன்னல் தொடங்கும் நேரம்) தப்பாக இருந்தால் கைப்பேசி வேறு நேரத்தில் தேடிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே கோபுரம் இருந்தும் செல் தெரியாததாகவே நிற்கும். சிக்னல் பலமாக இருந்தும் தாமதம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பிறகு தர அறிக்கையின் இடைவெளி. இது ஸ்லாட் (நேரத்துண்டு) கணக்கில் இருப்பதால் ஏமாந்துவிடுவோம். துணை அலைகளுக்கு இடையே 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள கேரியரில் ஒரு ஸ்லாட் 1 மில்லிசெகண்ட், 30-இல் அரை மில்லிசெகண்ட். அறிக்கை 700 வழியாகப் போய், 320 ஸ்லாட் என்று வைத்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் சரிசெய்தும் 320 மில்லிசெகண்ட் வரை வீணாகும்.

செல்லைத் தூங்கவைக்கும் டைமர் 20 முதல் 1280 மில்லிசெகண்ட் வரை கிடைக்கும். 20, 40 என்று வைத்தால் வலைப்பக்கம் பார்ப்பவருக்கு ஒவ்வொரு தட்டலுக்கும் செல் புதிதாக எழ வேண்டியிருக்கும். 320-இல் தொடங்கிப் பேட்டரியைக் கவனித்து மாற்றுவது எங்கள் பழக்கம்.

கருவிகள் ஆதரித்தால் 5ஜி தரநிலையின் ரிலீஸ் 16 பதிப்பிலுள்ள நேரடி விழிப்பைப் பயன்படுத்துங்கள்: சேர்க்கும்போதே செல் விழித்த நிலையில் வரும், தனி மேக் கட்டளை வேண்டாம். அதே ரிலீஸின் அரைத்தூக்க நிலையில் கைப்பேசி தரத்தை அளந்துகொண்டே இருப்பதால், டேட்டா வந்ததும் சில மில்லிசெகண்டில் எழுந்துவிடும். ரிலீஸ் 17-இல் எழுப்பும் கட்டளையோடு தற்காலிகக் குறிப்பு சிக்னலும் வரும், எஸ்எஸ்பிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசி தன் திறன் பட்டியலில் இதைச் சொல்கிறதா என்று லாக்கிலேயே பாருங்கள்.

செம்பனையை மறக்காதீர்கள்

உயர்ந்த மரங்களின் மட்டைகள் 3.5-ஐ நன்றாகவே தின்னும், 700-ஐ அவ்வளவு பாதிக்காது. மழைக்குப் பின் ஈர ஓலை நிலைமையை இன்னும் மோசமாக்கும். அங்கே எந்த டைமரும் உதவாது. துணை செல்லைச் சேர்க்கும் சிக்னல் வரம்பை உயர்த்தி, பயனில்லாத இடத்தில் எழுப்பாமல் இருப்பதே சரி, இல்லாவிட்டால் பேட்டரிதான் கரையும். சுமார் 25 ஆண்டுக்கு ஒரு முறை மறுநடவு நடக்கும்போது வெளி திறந்துவிடும், அப்போது வரம்புகளைத் திரும்ப அளந்து மாற்ற வேண்டும்.

வீட்டில் ரௌட்டர் வைத்திருப்பவர்கள் இந்த அமைப்புகளைத் தொட முடியாது. கோபுரத்தைப் பார்த்த ஜன்னலோரம், தகரக் கூரைக்கும் இரும்புக் கதவுக்கும் தள்ளி வையுங்கள். ரௌட்டரின் பேண்ட் பூட்டும் (பேண்ட் லாக்) அமைப்பில் என்78-ஐ மட்டும் விட்டு மற்றதை அடைக்காதீர்கள், முதன்மை செல்லே போய்விடும்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரே அமைப்பைத் தொடுங்கள். பிறகு அதே மூன்று இடங்களில், அதே 5 எம்பி ஃபைலோடு, வெயிலில் ஒரு முறையும் மழை விட்டதும் ஒரு முறையும் அளந்து இரண்டு இடைவெளிகளையும் ஒப்பிடுங்கள்.